மரத்துக்குப் பிணை நின்றவள்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு மேப்பிள் மரம் பூத்துவிட்டது. நட்டுப் பதினாறு வருடங்களில் இதுதான் முதல் தடவை.

காலை ஐந்தரைக்கு டிப்போவுக்குப் போக வெளியே வந்தபோது மேலே பெரிய சத்தம். லொறிகீற் என்று இங்கே சொல்லும் வண்ணக்கிளிகள் முப்பது நாற்பது, கொப்புகளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சண்டை பிடித்தன. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. என்ன இழவுக்கு இப்படிக் கத்துகின்றன என்று நிமிர்ந்து பார்த்த பிறகுதான் நுனிகளில் வெள்ளைக் கொத்துகள் தெரிந்தன. ஒவ்வொரு பூவும் மிளகளவுதான். ஆனால் மரம் முழுவதும் இருந்தது.

போனில் படம் எடுத்தேன். அதை அனுப்ப வேண்டியது ஒரே ஒரு ஆளுக்குத்தான். படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கிழமையாக வைத்திருக்கிறேன். ஆகவே முதலில் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவது சுகம். நீங்கள் கடல் தாண்டி இருக்கிறீர்கள். வாசித்துவிட்டு என் வாசலில் வந்து நின்று கேள்வி கேட்கமாட்டீர்கள்.

2

மேப்பிள் என்றதும் கனடாக் கொடியில் இருக்கும் இலையை நினைத்துவிடாதீர்கள். இதன் இலை நீண்டு, எங்கள் பலா இலையை விடப் பெரியது. ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் வீடியோவில் பார்த்துவிட்டுச் சிரித்தான். "உது மேப்பிளே இல்லையடாப்பா. ஆரோ உன்னைப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்." அவன் சொன்னது சரிதான். இது இந்த நாட்டின் வடக்கே, குயின்ஸ்லாந்துக் காட்டு மரம். பலகை பார்க்க மேப்பிள் போல இருந்ததால் வெள்ளைக்காரர் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

குவேக்கர்ஸ் ஹில் என்ற இந்தப் புறநகரில் நாங்கள் வீடு வாங்கியபோது வளவில் ஒரு மரமும் இல்லை. ஒரு சனிக்கிழமை கவுன்சில், அதாவது எங்கள் நகரசபை, இலவசமாகக் கன்று கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, என் மகள் அபிராமியையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. நான் போனது கறிவேப்பிலைக்கு. கறிவேப்பிலை அங்கே இல்லை. அபி ஒவ்வொரு சாடியின் அட்டையையும் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு போனாள்.

"அப்பா, இது கெதியா வளருமாம். பேர்ட்ஸ் வருமாம். பொஸம் வருமாம்."

"தின்னுறதுக்கு ஏதும் காய்க்குமோ எண்டு பார்."

"எங்களுக்கு இல்லை. அதுகளுக்கு."

"அப்ப எங்களுக்கு என்னத்துக்கு?"

கன்று கொடுத்த பெண் எங்களுக்காகக் குனிந்து விளக்கினார். இந்த நாட்டு மரம்தான், ஆனால் இந்த ஊர் மரம் இல்லையாம். பாஸ்போட் இருக்கிறது, ஊர் இல்லை. சரி, என்னுடைய ஆள்தான் என்று வாங்கி வந்தேன்.

அட்டை பொய் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் அது அபியை மீறியது, ஐந்தாம் வருடம் கூரைப் பீலியை மீறியது. அபி ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் மரத்துக்கு வருகிறவர்களின் பெயர் இடாப்பு வைத்திருந்தாள். தேனீ, சிலந்தி, பெயர் தெரியாத சாம்பல் குருவி. பிறகு, அணிலை விடப் பெரிதாய் இரவில் மரமேறித் திரியும் பொஸம் சோடி ஒன்று சுள்ளி பொறுக்கிப் பந்து போலக் கூடு கட்டியது. அன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றாள். பதினைந்து வயதில் எங்கேயோ வாசித்துவிட்டு ஓடி வந்து, "அப்பா, இது கறிவேப்பிலைக்குச் சொந்தம். எலுமிச்சைக்கும் சொந்தம். ஒரே பமிலி" என்று ஓர் இலையைக் கசக்கி என் மூக்கில் பிடித்தாள். எனக்கு மணம் ஒன்றும் வரவில்லை. வருகிறது என்று சொன்னேன்.

3

காய்க்காத மரத்தை வெருட்டுவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் கத்தியோடு மரத்தடிக்குப் போய், "காய்க்கிறியோ, வெட்டட்டோ?" என்று கேட்டு அடிமரத்தில் ஒரு கொத்துக் கொத்த வேண்டும். இன்னொருவர் ஓடி வந்து கையைப் பிடித்து, "வேண்டாம், வாற வருசம் காய்க்கும், நான் பிணை" என்று சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் வளவுப் பலாவை என் தகப்பனார், ஐயா, இப்படி வெருட்டினார், குஞ்சியம்மா பிணை நின்றா. அடுத்த வருடம் காய்த்ததா என்று ஞாபகமில்லை. இதில் முக்கியம் இரண்டாவது ஆள். அந்த ஆள் இல்லாமல் கத்தியைத் தொடக்கூடாது. தொட்டால் ஒன்றில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்கப்பட்டுத் திரும்பி வர வேண்டும்.

மரம் நட்ட அடுத்த வருடத் தைப்பொங்கல். இங்கே தை மாதம் கடும் கோடை; காட்டுத்தீப் பயத்தில் அன்று வெளியே நெருப்பு மூட்டத் தடை என்று அறிவித்திருந்தார்கள். கராஜுக்குள் காஸ் அடுப்பில் பொங்கினோம். நாற்பது பாகை வெயில். படைத்து முடிந்ததும் எனக்கு ஒரு பகிடி விட ஆசை வந்தது. இறைச்சி வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். மறிப்பதற்கு என் மனைவி சுமதியைத்தான் பேசி வைத்திருந்தேன். ஆனால் நான் "பூக்கிறியோ, வெட்டட்டோ?" என்று வாய் திறந்ததுதான் தாமதம், அபி ஓடி வந்து கன்றைக் கட்டிப் பிடித்துவிட்டாள்.

"வெட்டாதேங்கோ அப்பா! ப்ளீஸ்! அது பூக்கும்! நெக்ஸ்ட் இயர் பூக்கும்!"

உண்மையான அழுகை. சுமதி என்னை முறைத்தாள். பகிடி என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. விளங்கிய பிறகு அபிக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் கத்தி, அவள் பிணை. பெரியவளான பிறகு தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு வழக்கறிஞர் போல வந்து நிற்பாள். "யுவர் ஆனர், இந்த மரம் வாற வருசம் பூக்கும். நான் கரன்ரி." பன்னிரண்டு பொங்கல். மரம் ஒரு தடவையும் பூக்கவில்லை.

4

யோசித்துப் பார்த்தால் பிள்ளை வளர்ப்பும் எங்கள் வீட்டில் அதே முறைதான். நான் வெருட்டுவேன், சுமதி மறிப்பாள். பள்ளிக்கூட முகாமுக்குப் போனால் காலை முறிப்பேன் என்பேன். "சும்மா இருங்கோ, பிள்ளை போட்டு வரட்டும்" என்று குசினிக்குள் இருந்து குரல் வரும். அபி போவாள். என் மரியாதையும் போகாது, பிள்ளையின் ஆசையும் போகாது. எங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் பாதி இப்படித்தான் நடந்தது. சட்டம் போடுகிறவர் ஒருவர், அதை மீற வழி விடுகிறவர் இன்னொருவர்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம். நான் வேலை முடிந்து வந்து சீருடை கழற்றாமல் கதிரையில் இருந்தேன். நான் பஸ் ஓட்டுகிறேன். ஊருக்கு எழுதும்போது நீண்ட காலம் "டிரான்ஸ்போட்டில் இருக்கிறேன்" என்றுதான் எழுதினேன். உங்களில் சிலர் என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்திருந்தால் இப்போது மன்னித்துக்கொள்ளுங்கள்.

அபி வந்து எதிரே நின்றாள். பார்மசிப் படிப்பு மூன்றாம் வருடம். அதை விட்டுவிட்டாளாம். மரம் ஏறி, நோய் பார்த்து, கொப்பு வெட்டிப் பராமரிக்கிற கொம்பனி ஒன்றில் வேலை பழகச் சேர்ந்துவிட்டாளாம். கயிற்றில் ஏறுவது, பறவைக் கூடு பார்ப்பது என்று கண் மின்னச் சொல்லிக்கொண்டு போனாள்.

"மரம் ஏறுற வேலைக்கோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனான்?"

"அப்பா, இது படிக்கிற வேலை. பிறகு டிப்ளோமாவும் செய்யலாம்."

"எங்கட ஆக்கள் மரம் ஏறுறேல்லை."

"ஹூ இஸ் எங்கட ஆக்கள்?"

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாமல் வளர்த்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஆனால் அந்த நேரம் எனக்கு வாய் நிற்கவில்லை.

"மரம் ஏறத்தான் போறாய் எண்டா இந்த வீட்டுப் படி மிதிக்காதை."

சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் பார்த்தேன். பழக்கம். "சும்மா இருங்கோ" என்ற குரல் வரவேண்டிய இடம் அது. அபியும் அதே பக்கம் பார்த்தாள். சுமதி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அன்று அவளுக்குப் பின்னேர டியூட்டி. குசினியில் பிரிட்ஜ் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிடம் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் என்னால் எதுவும் சொல்லியிருக்க முடியும். நான் ரிமோட்டை எடுத்து ரீவியைப் போட்டேன். அவள் அறைக்குள் போய் ஒரு பையில் உடுப்பு அடுக்கினாள். சுமதி வருவதற்குள் போய்விட்டாள்.

"எனக்கு டியூட்டி இருந்த நாளாப் பாத்தோ வாய் விட்டனீங்கள்?" என்று சுமதி கேட்டாள். இப்போதும் இடைக்கிடை கேட்கிறாள்.

5

எங்கள் ஊர் வளவில் தென்னையும் பனையும் ஏற ஒருவர் வருவார். அவருக்கு ஐயாவின் வயது. நாங்கள் சின்னப் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்றுதான் கூப்பிட்டோம். தேங்காய் முழுவதும் பறித்துப் போட்டுவிட்டு வேலியோரம் நிற்பார். தேத்தண்ணி சிரட்டையில் போகும். எங்கள் வீட்டுப் படியை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. மிதிக்கக்கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

நான் என் மகளுக்குச் சொன்ன வசனம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. கடல் கடந்து வரும்போது நான் சூட்கேசில் என்னென்ன கொண்டுவந்தேன் என்று விமான நிலையத்தில் கேட்டார்கள். விதை உண்டா, மண் உண்டா, மிளகாய்த்தூள் உண்டா என்று கிண்டிக் கிண்டிப் பார்த்தார்கள். இதை ஒருவரும் பிடிக்கவில்லை.

மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போகிறோம். "மகள் பார்மசி முடிச்சிட்டாவோ?" என்று அன்ரிமார் கேட்பார்கள். "ஓம், முடிச்சு வேலை செய்யிறா" என்பேன். சந்நிதியில் நின்று சொன்ன பொய். அவளோ வொல்லங்கொங் பக்கம் ஒரு வீட்டில் சிநேகிதிகளோடு இருந்தாள். சுமதி கிழமைக்கு ஒருமுறை கராஜுக்குள் போய்ப் போனில் கதைப்பாள். நான் கேட்காதது போல இருப்பேன். கராஜ் கதவுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.

மூன்று பொங்கல் நான் கத்தியை எடுக்கவில்லை.

6

இந்த ஆவணியில் பக்கத்து வீட்டு கிரெக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். புதிதாகப் போட்ட சோலார் தகடுகளுக்கு எங்கள் மரம் நிழல் போடுகிறதாம், ஏதாவது செய்யலாமா என்று கேட்டார். ஒரு பக்கக் கொப்பைக் குறைத்தால் போதும் என்று அவரே சொன்னார்.

நான் கொப்பை விட்டுவிட்டு முழு மரத்தையும் வெட்ட அனுமதி கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தேன்.

ஏன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கத்தியை ஓங்கினால் ஒரு ஆள் ஓடி வரும் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில் நிழலோடு சேர்த்து, பதினாறு வருடமாகப் பூக்கவில்லை என்றும் எழுதினேன். கவுன்சிலில் இருந்து ஒரு பெண் போன் எடுத்து, பூக்காதது ஒரு காரணம் ஆகாது ஐயா என்று பொறுமையாகச் சொன்னார். இந்த உயர மரத்தை வெட்டுவதென்றால் தகுதி பெற்ற மர நிபுணரின் அறிக்கை வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு வேண்டியதும் அதுதான். அபி டிப்ளோமா முடித்துவிட்டாள் என்பதைக் கராஜ் கதவடியில் கேட்டிருந்தேன்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அபிக்கு மெசேஜ் போட்டேன். "பக்கத்து வீட்டுக்கு மரம் மறைக்குது. வெட்ட விண்ணப்பிச்சிட்டன். அறிக்கை வேணுமாம்."

ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் பஸ்சில் ஒவ்வொரு தரிப்பிலும் போனைப் பார்த்தேன். பத்தாம் நாள் வந்தது. "டோன்ற் ரச் இற். ஞாயிறு வாறன்."

7

அபி கயிறும் தலைக்கவசமும் ஏற்றிய வாகனத்தில் வந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கை முழுவதும் சிராய்ப்பு. கூட நடுத்தர வயது வெள்ளைக்காரர் ஒருவர், அவளோடு வேலை செய்கிறவர். பக்க வாசலால் நேரே பின்வளவுக்குப் போனார்கள்.

"உள்ளுக்கு வா பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறலாம்" என்று சுமதி கூப்பிட்டாள்.

"இல்லை அம்மா, பூட்ஸ் எல்லாம் சேறு."

கயிறு எறிந்து, இடுப்பில் மாட்டி, பார்த்துக்கொண்டிருக்க ஏறிவிட்டாள். நான் பயத்தில் கிட்டப் போனேன். அந்த மனிதர் கையை நீட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் கண் அவளை விட்டு விலகவில்லை. நான் ஏதோ பேச்சுக் கொடுத்தபோதும் மேலே பார்த்தபடியே, அவள் இறங்கும் வரை தனக்கு வேறு வேலை இல்லை என்றார். தனிய ஏறக்கூடாதாம், கீழே ஒருவர் நின்றே ஆகவேண்டுமாம். அவளுக்கென்று ஒருவர் நிற்கிறார் என்பதில் எனக்கு நிம்மதி வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது.

முக்கால் மணித்தியாலம் கழித்து இறங்கினாள். கையில் ஒரு சின்னக் கொப்பு. நுனியில் கடுகு கொட்டியது போல மொட்டு.

"பாருங்கோ. பூக்கப் போகுது. பொஸம் கூடும் ரெண்டு இருக்கு. கிரெக்கின்ர பக்கம் ஒரு கொப்பு எடுத்தாச் சரி. நான் எழுதித் தாறன்."

சுமதி தேத்தண்ணியை வெளியே கொண்டுவந்தாள். அபி வேலியோரம் நின்று குடித்தாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அவளோடு வந்தவர் கயிறு சுருட்டப் போன நேரம் பார்த்துப் பக்கத்தில் போனேன்.

"அபி, அண்டைக்கு அப்பா வெருட்டினது மட்டும்தான். உண்மையா இல்லை. ஆரும் மறிப்பினம் எண்டுதான்... உனக்குத் தெரியும்தானே, மரத்தை வெருட்டுற மாதிரி."

அவள் கோப்பையை வேலிக் கட்டையில் வைத்தாள். கோபம் இல்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மரத்துக்கு நான் நிண்டனான் அப்பா. எனக்கு ஆர் நிண்டது?"

பிறகு தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு, "அம்மா, போட்டு வாறன்" என்றாள். அம்மாவுக்குத்தான் சொன்னாள்.

8

அறிக்கை நான்கு பக்கம். "மரம் ஆரோக்கியமாக உள்ளது. அகற்றத் தேவையில்லை." பதினைந்து வருடத்துக்கு முன் அழுதபடி சொன்னதையே இப்போது படங்களோடும் அளவுகளோடும் எழுதியிருந்தாள். நான் அதைக் கவுன்சிலுக்கு அனுப்பினேன்.

பதில் போன வியாழன், மரம் பூத்து இரண்டு நாள் கழித்து வந்தது. அறிக்கையை ஏற்க முடியாதாம். அறிக்கை எழுதியவர் விண்ணப்பதாரரோடு தனக்குள்ள உறவு என்ற இடத்தில் "மகள்" என்று குறிப்பிட்டிருப்பதால், உறவினர் அல்லாத ஒருவரிடம் புதிதாக எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் வழக்கத்தில் பிணை நிற்க வீட்டு ஆள்தான் வேண்டும். இவர்கள் சட்டத்தில் வீட்டு ஆள் நிற்கக்கூடாது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மகள் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். படிவம் கேட்டது, அவள் உண்மையை எழுதினாள், அவ்வளவுதான். பொய் எழுதத் தெரியாதவள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கடிதத்தை மடித்துச் சீருடைப் பையில் வைத்திருக்கிறேன்.

விண்ணப்பத்தை மீளப் பெறப் போன் எடுத்தேன். அதே பெண்தான்.

"அப்படியென்றால் மரத்தை வெட்டப் போவதில்லையா?"

"இல்லை. எப்போதும் வெட்ட நினைக்கவில்லை."

"பிறகு ஏன் ஐயா விண்ணப்பித்தீர்கள்?"

எனக்கு இருக்கிற ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வழி இல்லை. எங்கள் கலாசாரம் என்றேன். அவர் மரியாதையாக அதையும் குறித்துக்கொண்டார்.

இன்று காலையும் கிளிகள் கத்தின. கீழே நடைபாதை முழுவதும் பூ. ஓர் இலையைப் பிடுங்கிக் கசக்கி மூக்கில் பிடித்தேன். இந்த முறை நிதானமாக முகர்ந்து பார்த்தேன். மணம் இருக்கிறது.

போனில் அந்தப் படத்தைத் திறந்து, இவ்வளவையும் உங்களுக்கு எழுதி முடித்த தைரியத்தில், கீழே எழுதினேன்.

"நீ பிணை நிண்ட மரம் பூத்திட்டுது. அண்டைக்கு உனக்கு நான்தான் நிண்டிருக்கோணும். கத்தி என்ரை கையிலதானே இருந்தது."

அனுப்பிவிட்டுப் போனை மேசையில் வைத்தேன். டிப்போவுக்கு நேரமாகியிருந்தது. முன்கதவைப் பூட்டாமல் போனேன்.